கிணற்றுக்குக் கயிறு தந்த துறவி



போன வருஷம் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டு நாளும் நம் பாடற்குழுப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை என்று. முதல் அடியை யார் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை. பெருமைதான் வந்தது. வாத்தியார் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று ஒரு மிதப்பு.

அப்புறம் ஒரு நாள், ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்த ஓர் இசை வாத்தியாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்து முடித்தபோது அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அவர் பெயர் குயிதோ. இத்தாலி நாட்டில் அரெஸ்ஸோ என்னும் ஊரில் பாடம் சொல்லிக் கொடுத்ததால், உலகம் அவரை அரெஸ்ஸோ குயிதோ என்று அழைக்கிறது. இசை வகுப்பில் நீங்கள் டோ, ரே, மி என்று பாடுகிறீர்களே, அதற்கு வித்திட்டவர் அவர்தான். தாளில் ஐந்து கோடு போட்டு அதன்மேல் புள்ளி புள்ளியாகச் சுரங்களை எழுதுகிறார்களே, அந்த முறைக்கு ஒழுங்கான அடித்தளம் போட்டவரும் அவர்தான்.

பாட்டே வழிபாடு

குயிதோ சுமார் 991-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். வட இத்தாலியில், போ என்னும் பெரிய ஆறு கடலில் கலக்கும் பகுதியில் பொம்போசா என்றொரு கிறிஸ்துவ மடாலயம் இருந்தது. சுற்றிலும் ஆற்றுக் கிளைகளும் காடும் சதுப்பு நிலமும். அந்த மடாலயத்தில்தான் குயிதோ கல்வி கற்றார், துறவியுமானார்.

அது பெனடிக்ட் சபையைச் சேர்ந்த மடாலயம். புனித பெனடிக்ட் என்பவர் 6-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கென்று ஓர் ஒழுங்குமுறை எழுதி வைத்தார். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை, ஆக எட்டு முறை துறவிகள் கோயிலில் கூடி இறைவனைத் துதிக்க வேண்டும். பைபிளில் உள்ள 150 சங்கீதங்களையும் ஒவ்வொரு வாரமும் முழுமையாகப் பாடி முடிக்க வேண்டும். நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து ஓடினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தத் துறவிகளோ பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே, குளிரோ மழையோ பாராமல், மணி அடித்ததும் எழுந்து பாடப் போனார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆயுள் முழுக்க.

அவர்கள் பாடியது எப்படிப்பட்ட பாட்டு என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைக் கிரகோரியன் கீதம் என்பார்கள். 590 முதல் 604 வரை போப்பாண்டவராக இருந்த முதலாம் கிரகோரியின் பெயரால் அப்படி வழங்குகிறது. ஆனால் இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் அது உருவானது அவருக்குப் பிறகு, 8, 9-ஆம் நூற்றாண்டுகளில். ரோமாபுரியின் பாட்டும் பிராங்கு நாட்டாரின் பாட்டும் கலந்து பிறந்தது என்பது அறிஞர்களின் முடிவு.

மொழி இலத்தீன். பக்கவாத்தியம் கிடையாது. தாளக்கட்டும் கிடையாது. சொல்லின் ஓட்டத்தையும் பாடுகிறவரின் மூச்சையும் ஒட்டியே மெட்டு நடக்கும். எத்தனை பேர் பாடினாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். தனியாக ஒருவர் குரலைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் வேலைக்கு அங்கே இடமில்லை. அறுபது பேர் பாடினாலும் ஒரே ஆள் மூச்சு விடுவதுபோல் கேட்க வேண்டும். வாய் பாடுவதை மனமும் உணர வேண்டும் என்பது பெனடிக்ட் வகுத்த விதி. ஆகவே அது வழிபாட்டுக்கு இடையே வரும் பாட்டு அல்ல. பாட்டேதான் வழிபாடு.

நமக்கும் இது அடியோடு அந்நியமானதல்ல. 1960-களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் பெரும்பாலான கத்தோலிக்கத் தேவாலயங்களில் இலத்தீன் மொழியில்தான் பூசை நடந்தது. நம் நாட்டில் தமிழர்கள் கூடிய தேவாலயங்களும் அதற்கு விலக்கல்ல. அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பத்து வருஷப் படிப்பு

வருஷம் முழுவதற்குமான பாட்டுகளைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு திருநாளுக்கும் தனித்தனிப் பாட்டு. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, நள்ளிரவுக்கு வேறு. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டும். சொல்லை எழுதி வைக்கலாம். மெட்டை எழுதுவது எப்படி? ஓசையை எழுத முடியாது, மனிதன் நினைவில் வைக்காவிட்டால் அது அழிந்துவிடும் என்று 7-ஆம் நூற்றாண்டில் இசிடோர் என்ற பேரறிஞர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

9-ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு வழி பிறந்தது. பாட்டின் சொற்களுக்கு மேலே சிறு சிறு கீறல்களும் வளைவுகளும் போட்டார்கள். அவற்றுக்கு நியூம் என்று பெயர். இங்கே குரல் ஏறுகிறது, இங்கே இறங்குகிறது, இந்த அசைக்கு இரண்டு சுரம், அந்த அசைக்கு மூன்று சுரம் என்று அவை காட்டும். ஆனால் எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அவை காட்டமாட்டா. முன்பே அந்தப் பாட்டைக் கேட்டவனுக்கு அந்தக் கீறல்கள் நினைவூட்டும். கேட்காதவனுக்கு ஒன்றும் புரியாது.

குயிதோ இதற்கு ஓர் உவமை சொன்னார். கோடும் எழுத்தும் இல்லாத நியூம்கள், கயிறு இல்லாத கிணறு போன்றவை என்பது அவர் கருத்து. கிணற்றில் தண்ணீர் என்னவோ நிறைய இருக்கிறது. எட்டிப் பார்க்கலாம், குடிக்க முடியாது. எவ்வளவு பொருத்தமான உவமை பாருங்கள்!

ஆக, ஒவ்வொரு பாட்டும் குருவின் வாயிலிருந்துதான் சீடனின் காதுக்குப் போக வேண்டும். குரு பாடுவார், சீடன் திருப்பிப் பாடுவான். மறந்தால் மறுபடியும் குருவிடம் போய் நிற்பான். இப்படியே பத்து வருஷம் ஓடிவிடும். பத்து வருஷம் கழித்தும், புதிதாக ஒரு சின்னப் பாட்டைக் கொடுத்தால் தானாகப் பாடத் தெரியாது.

இது போதாதென்று இன்னொரு குழப்பம். ஆளாளுக்கு ஒரு மெட்டு. ஒரு குரு சொல்லிக் கொடுத்தது இன்னொரு குருவுக்கு ஒத்து வராது. பாட்டுப் புத்தகங்களும் அப்படியே. எத்தனை வாத்தியாரோ அத்தனை பாடம் என்ற நிலை. குயிதோ இதைக் கண்டு மனம் நொந்தார். பாடகர்களைப் போல அறிவில்லாதவர்கள் வேறு யாருமில்லை என்றுகூடக் கொஞ்சம் சூடாகவே எழுதிவிட்டார்.

ஏன் அத்தனை சூடு? அதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மனப்பாடத்தில் வீணாகும் காலம் பற்றியதே அவர் கவலை. மெட்டோடு மல்லுக்கட்டியே ஒரு துறவியின் இளமை தீர்ந்துபோனால், அவன் வேதத்தை எப்போது படிப்பான்? மற்றக் கல்வியை எப்போது கற்பான்? ஆண்டவனை எப்போது நினைப்பான்? அடுத்த சுரம் என்னவோ என்று பயந்துகொண்டே பாடுகிறவனுக்கு, பாடும் சொல்லில் மனம் தங்குமா? பாட்டு கஷ்டமாக இருப்பதால் வழிபாடு கெடுகிறது என்பதே குயிதோவின் வழக்கு.

கோடு போட்ட புத்தகம்

பொம்போசாவில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். மிக்கேல் என்ற உடன் துறவி. இருவரும் சேர்ந்து புது முறையில் ஒரு பாட்டுப் புத்தகம் தயாரித்தார்கள்.

முறை இதுதான். கிடைக்கோடுகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஒவ்வொரு கோடும் ஒரு சுரத்துக்கு இடம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள வெளியும் ஒரு சுரத்துக்கு இடம். கோட்டின் தொடக்கத்தில் அது எந்தச் சுரம் என்று ஓர் எழுத்துப் போட்டுவிட வேண்டும். பிறகு நியூம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் சுரம். சந்தேகத்துக்கே இடமில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சுரங்களை ஏணிப்படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிகளும் ஒரே உயரமல்ல. ஏழு சுரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் அரைப் படிதான் உயரம். பாடுகிறவன் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த அரைப் படியில்தான். குயிதோ என்ன செய்தார்? அந்த இரண்டு அரைப் படிகளுக்கும் நேர்மேலே உள்ள சுரங்களின் கோடுகளுக்கு வண்ணம் தீட்டினார். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு மஞ்சள். வண்ணக் கோட்டைக் கண்டதும் பிள்ளை உஷாராகிவிடும்: இதற்குக் கீழே அரைப் படி, கவனம்!

கோடு போடுவதும் எழுத்தால் சுரத்தைக் குறிப்பதும் அங்கங்கே முன்பே சிலர் முயன்று பார்த்தவைதாம். கோடு, வெளி, எழுத்து, வண்ணம் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, சின்னப் பிள்ளைக்கும் பயன்படும் முறையாக ஆக்கியது குயிதோவின் சாதனை.

வந்தது பொறாமை

புது முறையின் புகழ் இத்தாலி நாட்டில் பரவத் தொடங்கியது. வெளியூர்ப் பாடகர்கள் ஆர்வம் காட்டினார்கள். ஆனால் சொந்த மடாலயத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. உடன் இருந்த துறவிகளே பகைத்தார்கள். மடாலயத் தலைவரும் அவர்கள் பக்கமே சாய்ந்தார்.

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்காமல் போகாது. பத்து வருஷம் பாடுபட்டுப் பாட்டு நெட்டுருப் போட்டவர்களுக்கு மடாலயத்தில் ஒரு மதிப்பு இருந்திருக்கும். நேற்று வந்த பையன் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பாடிவிட்டுப் போனால், அந்த மதிப்பு என்னாவது? இது நான் ஊகித்துச் சொல்வது. இரண்டு நாள் விடுப்பில் எனக்கு வந்த பெருமையை வைத்து ஊகிக்கிறேன்.

பிற்காலத்தில் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில், குயிதோ தம் நிலையை ஒரு பழங்கதையால் விளக்கினார். ஒரு கைவினைஞன் உடையாத கண்ணாடி செய்யக் கண்டுபிடித்தானாம். பரிசு கிடைக்கும் என்று நம்பி ரோமாபுரிச் சக்கரவர்த்தியிடம் கொண்டுபோய்க் காட்டினான். பரிசுக்குப் பதில் மரண தண்டனை கிடைத்தது. இப்படிப்பட்ட கண்ணாடி பெருகிவிட்டால் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மதிப்புப் போய்விடுமே என்ற பயம்! கண்ணாடிக்காரனோடு அவன் கலையும் மாண்டது. நல்லதைக் கொண்டுவந்தவனைப் பொறாமை எப்படி விரட்டுகிறது என்பதற்கு அந்தக் கதையைச் சொன்னார்.

குயிதோ கொல்லப்படவில்லை, ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சுமார் 1025-ஆம் ஆண்டளவில் அவர் பொம்போசாவை விட்டு அரெஸ்ஸோ நகருக்குப் போனார். வயது முப்பதைத் தாண்டி விட்டிருந்தது.

அரெஸ்ஸோ வகுப்பறை

அரெஸ்ஸோவில் தியோடால்டு என்பவர் ஆயராக இருந்தார். அவர் குயிதோவை ஆதரித்து, தம் பேராலயத்தில் பாடும் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்தார். கற்பிக்கும் முறையை ஒரு நூலாக எழுதும்படியும் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் மைக்ரோலோகஸ் என்ற நூல். காலம் சுமார் 1026. இருபது சிறு அத்தியாயங்கள் கொண்ட இந்த நூல், மத்திய காலத்து ஐரோப்பாவில் மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட இசை நூல்களுள் ஒன்று.

அதுவரை சிறுவர்களுக்குச் சுரம் பழக்க ஒற்றைத் தந்தி உள்ள ஒரு கருவியைப் பயன்படுத்துவார்கள். நீளமான பெட்டி, மேலே ஒரு தந்தி. எந்த இடத்தில் அழுத்தினால் எந்தச் சுரம் என்று குறி போட்டிருக்கும். பிள்ளை அதைத் தட்டிக் கேட்டு, அதே மாதிரி பாடும். ஆரம்பத்துக்கு இது நல்லதுதான். ஆனால் கடைசி வரைக்கும் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளை உருப்படாது என்பது குயிதோவின் கருத்து. குருவின் குரலையோ கருவியின் ஓசையையோ நம்பாமல், சுரத்தைப் பிள்ளை தன் மனத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இதற்கு அவர் கண்ட வழிதான் உலகப் புகழ் பெற்றது.

திருமுழுக்கு யோவான் என்னும் புனிதரைப் போற்றும் இலத்தீன் பாட்டு ஒன்று உண்டு. அவருடைய திருநாள் ஜூன் 24. அடியார்கள் தடையில்லாத குரலால் அவருடைய அரிய செயல்களைப் பாடும்படி அருள வேண்டும் என்று கேட்கும் பாட்டு அது. பாடற்குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு வேண்டுமா? குயிதோ கையாண்ட மெட்டில் ஒரு விசேஷம் இருந்தது. அந்த மெட்டை அமைத்தவரே அவர்தான் என்று கருதுவோரும் உண்டு. முதல் அடி ஒரு சுரத்தில் தொடங்கும். அடுத்த அடி அதற்கு மேல் சுரத்தில். அதற்கடுத்தது இன்னும் ஒரு படி மேலே. இப்படி ஆறு அடிகளும் ஆறு படிகளாக ஏறும். அந்த ஆறு அடிகளின் முதல் அசைகள்: உத், ரே, மி, ஃபா, சோல், லா.

பிள்ளைகள் முதலில் அந்தப் பாட்டை நன்றாகப் பாடிப் பழக வேண்டும். பிறகு ஆறு அடிகளில் எதைச் சொன்னாலும் சட்டென்று அந்த அடியை எடுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்! இப்போது முன்பின் பார்க்காத ஒரு பாட்டைக் கொடுத்தாலும், இந்தச் சுரம் எந்த அடியின் தொடக்கம் போல இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் போதும். குரல் தானாக அங்கே போய் நிற்கும். மி என்பதற்கும் ஃபா என்பதற்கும் நடுவேதான் அரைப் படி. அந்த இரண்டு அசையைச் சொன்னாலே அரைப் படி நினைவுக்கு வந்துவிடும். நம்மவர் ச, ரி, க, ம என்று சொல்லிச் சுரத்தை மனத்தில் நிறுத்துவதுபோல, அவர்களுக்கும் ஒரு வாய்ப்பாடு கிடைத்தது.

பலன் என்ன? சில சிறுவர்கள் மூன்றே நாளில் தெரியாத பாட்டைத் தடையில்லாமல் பாடினார்கள் என்று குயிதோ எழுதியிருக்கிறார். பத்து வருஷத்திலும் அரைகுறையாக வந்த படிப்பு, ஒரு வருஷத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷத்தில் முழுமையாக வந்தது.

ஒரு கையைப் படமாக வரைந்து, விரல் கணு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் எழுதிப் பாடம் நடத்தும் முறையையும் பிற்காலத்தார் குயிதோவின் கை என்றே அழைத்தார்கள். அவர் எழுதிய நூல்களில் அந்தப் படம் இல்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையைப் பார்த்தே சுரம் படித்தார்கள். பலகையோ புத்தகமோ வேண்டாம். கை ஒன்று போதும்.

போப்பாண்டவர் பாடினார்

இந்தச் செய்தி ரோமாபுரிக்கும் எட்டியது. அப்போது போப்பாண்டவராக இருந்தவர் 19-ஆம் யோவான். அவர் மூன்று தூதர்களை அனுப்பிக் குயிதோவை அழைத்தார். சுமார் 1028-ஆம் ஆண்டில் குயிதோ, குருன்வால்டு என்ற மடாலயத் தலைவரோடும், அரெஸ்ஸோ பேராலயத்துக் குருக்களின் தலைவரான பேதுருவோடும் ரோமாபுரி போய்ச் சேர்ந்தார்.

போப்பாண்டவர் கோடு போட்ட அந்தப் பாட்டுப் புத்தகத்தை ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விதிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தாம் முன்பு கேட்டே இராத ஒரு சிறு பாட்டை, அந்தக் கோடுகளைப் பார்த்துத் தாமே பாடும் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் சொன்னபோது நம்பாததை, தம் வாயாலேயே பாடிப் பார்த்து நம்பினார். கிறிஸ்துவ உலகத்துக்கே தலைவர், ஒரு துறவிக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்து சுரம் படித்த காட்சியை நினைத்துப் பாருங்கள்!

ரோமாபுரியிலேயே இருந்து அங்குள்ள குருக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று போப்பாண்டவர் விரும்பினார். ஆனால் அந்த ஊரின் கோடைக்காலச் சதுப்புநில வெக்கை குயிதோவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய்வாய்ப்பட்டார். குளிர்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி விடைபெற்றார்.

மன்னிப்பு

அதன்பின் நடந்ததுதான் இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட இடம்.

குயிதோ, பொம்போசா மடாலயத்தின் தலைவரைப் போய்ச் சந்தித்தார். அந்தத் தலைவரின் பெயரும் குயிதோதான். முன்பு எதிராளிகள் பக்கம் நின்றவர் அவர். இப்போது அவர் அந்தப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் மனம் மாறினார். முன்பு தவறு செய்துவிட்டேன் என்று வருந்தினார். பணம் கொடுத்துப் பதவி வாங்கும் ஆயர்கள் மலிந்த காலம் இது, துறவிக்கு மடாலயம்தான் தகுந்த இடம், ஆகவே பொம்போசாவுக்கே திரும்பி வந்துவிடு என்று வேண்டிக்கொண்டார்.

விரட்டப்பட்ட ஒருவருக்கு இப்படி ஒரு நாள் வந்தால் என்னென்ன பேசத் தோன்றும்? குயிதோ பழியை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தலைவரைத் தம் ஆன்மிகத் தந்தையாகவே மதித்து எழுதுகிறார். இதையெல்லாம் பழைய நண்பர் மிக்கேலுக்குக் கடிதமாக எழுதி, உத், ரே, மி முறையையும் அதிலேயே விளக்கினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. நாம் அவரைப் பற்றி அறிந்தவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து கிடைத்ததே.

அந்தக் கடிதத்தில் அவர் எதிர்பார்க்கும் கூலி என்ன தெரியுமா? தாங்கள் எவ்வளவோ கஷ்டப்பட்டுக் கற்றதைப் பின்னால் வருபவர்கள் சுலபமாகக் கற்கட்டும். பத்து வருஷத்துப் பாடத்தை ஒரு வருஷத்தில் கற்ற அவர்கள், தங்களுக்காக ஒரு பிரார்த்தனை செய்தால் போதும். அவ்வளவே. தாம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளையும் பட்டால்தான் படிப்பு என்று அவர் நினைக்கவில்லை.

1033-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏடுகளில் குயிதோவின் சுவடு மறைந்துவிடுகிறது. அவரும் மிக்கேலும் உருவாக்கிய அந்தப் பாட்டுப் புத்தகமும் காலப்போக்கில் தொலைந்துபோயிற்று. ஆனால் முறை தொலையவில்லை. அது பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டதே!

ஆயிரம் ஆண்டுப் பயணம்

குயிதோவின் கோடு ஐரோப்பா முழுவதும் பரவியது. கிரகோரியன் கீதத்துக்கு நான்கு கோடு என்றும், பிற்கால இசைக்கு ஐந்து கோடு என்றும் நிலைபெற்றது. 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஏழாவது சுரத்துக்கு சி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாட்டில் வரும் புனித யோவானின் இலத்தீன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது அது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர், பாடுவதற்கு இழைவாக இல்லை என்று உத் என்பதை டோ என்று மாற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சி என்பது டி ஆயிற்று. இப்படித்தான் டோ, ரே, மி நம் பள்ளி இசைப் பாடநூல் வரைக்கும் வந்து சேர்ந்தது.

கிரகோரியன் கீதமும் நடுவில் நலிந்து, 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு சொலேம் மடாலயத் துறவிகளின் உழைப்பால் மீண்டும் துலங்கியது. பழைய ஏடுகளை ஒப்பிட்டு, மெட்டுகளைத் திருத்தி, அச்சிலேற்றினார்கள். பழைய ஏடுகள் சிலவற்றில் கோடு போட்டு வைத்திராவிட்டால், பின்னால் வந்தவர்கள் எதைப் பார்த்துத் திருத்துவது? அரெஸ்ஸோ நகரில் குயிதோவுக்கு 1882-ஆம் ஆண்டில் சிலை எடுத்தார்கள். சிலை இல்லாவிட்டாலும் அவர் பெயர் நிற்கும் என்றால் அது மிகையாகாது.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறீர்கள். பரிசு வாங்காதவர்களும் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள். குயிதோவின் வகுப்பில் கெட்டிக்காரன் என்பவன் வாத்தியார் பாடியதை அப்படியே ஒப்பித்தவன் அல்ல. வாத்தியார் சொல்லிக் கொடுக்காத பாட்டை எடுத்துப் பாடியவன்தான் கெட்டிக்காரன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புரியாமல் நெட்டுருப் போடுகிற பழக்கத்தை விட்டு, ஏன், எப்படி என்று கேட்டுப் படியுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. கிணறு நம்மிடம் இருக்கிறது என்பதில் என்ன பெருமை? கயிற்றைப் பிள்ளை கையில் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி. குயிதோ கொடுத்தார், அதற்காக ஊரை விட்டும் போனார்.

இவ்வாண்டு நம் பாடற்குழுவில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். வகுப்பறைப் பலகையில் ஐந்து கோடு போட்டு, அரைப் படி வரும் இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் குறி போட்டுப் பழக்கி வருகிறேன். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் மாதம், நான் ஒரு சிறு மெட்டை எழுதிவிட்டு வாயைத் திறக்காமல் நின்றேன். நான்காம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி, தயங்கித் தயங்கி, முழுவதையும் பாடிவிட்டாள். கடைசிச் சுரத்தில் கொஞ்சம் பிசகினாள். பக்கத்தில் இருந்தவன் கோட்டைக் காட்டித் திருத்தினான். நான் திருத்தவில்லை.

இன்றைய விழாவில் அவர்கள் பாடும்போது நான் மேடைக்கு முன்னால் நின்று கையசைக்கப் போவதில்லை. பின்வரிசையில் உங்களோடு உட்கார்ந்து கேட்கப் போகிறேன். பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களே எடுத்து, அவர்களே பாடுகிறார்கள்.